நல்ல கேள்வி

“சார், இந்த பல்புக்கு ஒரு கால் நீளமா இருக்கு, ஒரு கால் குட்டையா இருக்கு. எதை எங்க மாட்டணும்?”

ஒன்பதாம் வகுப்பு எழிலன் கேட்டதும் அன்பழகன் பல்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மிளகு அளவு பல்புக்குக் கால் இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும்.

“நல்ல கேள்வி,” என்றார் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு. “யாரு பதில் சொல்றீங்க?”

அறிவுமதி எழுந்தாள். “நீளக் காலுக்கு கரண்டு வரணும் சார். குட்டைக் கால் கிரவுண்டுக்குப் போகணும்.”

கிரவுண்டு என்று கேட்டதும்தான் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அவர் அந்தப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர்.

முந்தின நாள் தலைமையாசிரியை உமாமகேஸ்வரி ஒரு அட்டைப் பெட்டியை அவர் கையில் திணித்திருந்தார். உள்ளே குட்டி பல்புப் பொட்டலத்தோடு சீட்டுக்கட்டு அளவில் பத்துப் பச்சைத் தகடுகள். ஒவ்வொன்றும் ஒரு முழு கம்ப்யூட்டராம். டி.வி.யில் மாட்டிப் பிள்ளைகள் புரோகிராம் எழுதிப் பழகலாமாம்.

“இதை நடத்தின சந்திரலேகா டீச்சர் மாஹேவுக்கு டிரான்ஸ்பர்ல போனதுலேர்ந்து பீரோவுல கிடக்கு சார். இன்னும் ரெண்டு வாரத்துல அதிகாரி வர்றாரு. வகுப்பு நடக்கலேன்னா பெட்டியை வேற ஸ்கூலுக்குத் தூக்கிக் குடுத்துடுவாரு. நீங்கதான் பாத்துக்கணும்.”

“மேடம், எனக்கு கபடிதான் தெரியும்.”

“மழை பேஞ்சு கிரவுண்டு பூரா தண்ணி நிக்குது. சும்மாத்தானே இருக்கீங்க?”

காரைக்காலில் ஐப்பசியில் கபடி ஆட முடியாது, நீச்சல் வேண்டுமானால் அடிக்கலாம்.

முதல் வகுப்பிலிருந்தே அந்த ‘நல்ல கேள்வி’தான் அவர் மானத்தைக் காப்பாற்றியது. யார் எதைக் கேட்டாலும் அதைச் சொல்லி வகுப்பின் பக்கம் தள்ளிவிடுவார். யாராவது ஒருத்தர் பதில் சொல்லிவிடுவார்கள். கேட்கக் கேட்க அவருக்கும் விஷயம் பிடிபட ஆரம்பித்தது. நாலாம் நாள் அவர் தன் கையால் தட்டிய நாலு வரியில் பல்பு எரிந்து அணைந்தபோது, சந்தோஷத்தில் கழுத்து விசிலை எடுத்து ஊதியே விட்டார். பக்கத்து வகுப்பு, பீரியட் முடிந்ததென்று எழுந்து நின்றுவிட்டது.

எழிலன்தான் தொல்லை.

“சார், பல்பு நூறு தடவை எரியணும்னா இந்த வரியை நூறு தடவை எழுதணுமா?”

“ஏன்டா, இதைத்தானே நேத்தும் கேட்டே?”

“மறந்துடுச்சு சார்.”

அறிவுமதி மறுபடியும் முதலிலிருந்து விளக்கினாள். மூன்றாவது தடவைதான் அன்பழகனுக்கே அது மண்டையில் ஏறியது. இவன் தேறவே மாட்டான் என்று அலுத்துக்கொண்டாலும், உள்ளுக்குள் அந்த மக்குப் பயலுக்கு நன்றி சொல்லிக்கொண்டார்.

அதிகாரி இளையபெருமாள் வந்த அன்று எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. கிளம்பும் நேரத்தில் அவர் திரும்பினார்.

“சார், நீங்களே ஒரு புரோகிராம் எழுதிக் காட்டுங்களேன். டிராஃபிக் சிக்னல் மாதிரி மூணு கலர்ல.”

உமாமகேஸ்வரி புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். போச்சு, பெட்டியும் போச்சு, மானமும் போச்சு என்று நினைத்தபடியே அன்பழகன் ஒற்றை விரலால் தட்டினார். ஓட்டிப் பார்த்தார். பல்பு எரியவில்லை. திரையில் சிவப்பாக ஏதோ தப்பு என்று வந்தது.

ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ஏழாவது வரியில் விரல் நின்றது.

“இந்த வரியை இடம் விட்டு உள்ள தள்ளி எழுதணும். தள்ளலேன்னா மெஷினுக்குப் புரியாது,” என்று தனக்கே சொல்லிக்கொண்டு திருத்தினார்.

சிவப்பு எரிந்தது. மஞ்சள். பச்சை. மறுபடியும் சிவப்பு. பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிய தட்டில் கபடி இறுதிப்போட்டி தோற்றது.

“பெட்டி இங்கயே இருக்கட்டும். இன்னும் பத்து அனுப்பச் சொல்றேன்,” என்றார் இளையபெருமாள். “இப்படி ஒரு வாத்தியார் கிடைக்க பசங்க குடுத்து வச்சிருக்கணும்.”

மணி அடித்து எல்லோரும் ஓடிய பிறகு, தரையில் கால் பாவாமல் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தார் அன்பழகன். அறிவுமதி நோட்டை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். எடுத்துப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் தேதி. ஒவ்வொரு தேதிக்கும் நேராக, வகுப்பில் அன்றன்று வந்த அதே கேள்விகள்.

முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: “பி.டி. சாருக்குப் பாடம். சந்திரலேகா டீச்சர் போன வருஷம் நமக்கு நடத்தின அதே வரிசையில கேக்கணும். எழிலன், சார் முகத்தையே பாத்துக்கிட்டு இருக்கணும். அவருக்குப் புரியலேன்னா, மறந்துடுச்சுன்னு சொல்லி மறுநாளும் அதையே கேக்கணும்.”