பாரிஸ் கார்டு

இதைச் சரியாகச் சொல்ல வருமா என்று பயமாக இருக்கிறது. ஏழாவதோடு நின்றவள் நான். முன்பின்னாகச் சொல்லிவிட்டால் சின்னவள் மேல்தான் தப்பு என்று நினைத்துவிடுவீர்கள்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் அது. பெரியவள் நிர்மலாதேவிக்கு நாலு மணிக்குப் பூ வைக்க வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளை ஹரிகிருஷ்ணன் பாரிஸில் வேலை செய்கிறவர், அங்கேயே தங்கிக்கொள்ளச் சர்க்கார் தருகிற பிரெஞ்சு கார்டு உள்ளவர். கட்டிக்கொண்டால் இவளுக்கும் கார்டு கிடைக்கும். லீவு முடிய ஒரு வாரம்தான், அதற்குள் தாலி கட்டிவிட வேண்டும் என்று அவசரம். அவருக்கு நாற்பத்து மூன்று என்பதை நாங்கள் யாரும் பெரிதாகப் பேசவில்லை. பெரியவளுக்குப் பத்தொன்பது.

இரண்டு மணிக்குச் சின்னவள் கவிநிலாவுக்குத் தலை சீவும்போது பார்க்கிறேன், இரண்டு காதும் மூளி.

"கம்மல் எங்கடி?"

பாவாடை மடிப்பிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். ஆட்டினால் கலர் கலராக மின்னும் டிராகன் படம், கீழே பிரெஞ்சில் ஏதோ எழுத்து. தெருக்கோடிப் பூர்ணிமாவிடம் கம்மலைக் கொடுத்து வாங்கினாளாம். மினுக்கு கார்டுதான் ஒசத்தியாம். அதிலும் டிராகன் போட்டது இருந்தால், ஏரோப்ளேனில் ஏற்றிப் பாரிஸுக்கே கூட்டிப் போய்விடுவார்களாம். தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இந்த நம்பிக்கை.

நல்ல காரியம் நடக்கிற நாளில் மூளிக் காதோடு ஒரு பிள்ளை நின்றால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? என் வீட்டுக்காரர் கலியமூர்த்தி பார்த்தால் தோலை உரித்துவிடுவார். மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து வரத்தான் அவர் குருசுக்குப்பம் போயிருந்தார். சின்னவள் முதுகில் இரண்டு வைத்துவிட்டு ஓடினேன்.

பூர்ணிமா வீடு சொல்தா வீடு, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வருகிற வீடு. அவள் அம்மா செல்வாம்பாள், கம்மலைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இந்த அட்டை எங்க மச்சான் அங்கேருந்து அனுப்பற பிஸ்கட் டப்பாவுல கெடக்கும்க்கா. புள்ளைங்களுக்கு மினுக்குனா போதும், தங்கத்தக் கழட்டிக் குடுத்துடுங்க" என்று சிரித்தாள். பெரியவளுக்கும் கார்டு வரப்போகிறதாமே, நான் கொடுத்து வைத்தவள் என்றும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து கம்மலை மாட்டிவிட்டேன். ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை.

"இங்க ஒனக்கு என்னாடி கொறை? பாரிஸ் கேக்குதா?"

"எனக்கில்லம்மா. அக்காவுக்கு. கார்டு இருந்தா அந்த ஆளக் கட்டிக்காமலே போலாம்ல? அக்கா தெனம் பாத்ரூம்ல அழுவுது."

பெரியவள் என் பட்டுப்புடவையில், என் நகை அத்தனையையும் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலை நிமிரவில்லை.

"நெசமாடி?" என்றேன்.

"இன்னிக்குத்தாம்மா கேக்கற."

மணி மூன்றரை. வேண்டாம் என்று அவரிடம் சொல்லப் பயம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்லாமல் விடவும் பயம். மாரியாத்தாளை நினைத்தால் அதைவிடப் பயம்.

பெரியவளைப் புடவை மாற்றிக்கொண்டு பாயில் படுக்கச் சொன்னேன். பின்பக்க வேப்பமரத்தில் ஒரு கொத்து ஒடித்து வந்து வாசல் நிலையில் செருகினேன். செருகி முடிக்கவும் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

முதலில் இறங்கியவர் என் வீட்டுக்காரர்தான். அவர் படியில் கால் வைக்குமுன் குறுக்கே நின்றுகொண்டேன்.

"யாரும் கிட்ட வராதீங்க. பெரியவளுக்கு அம்மை போட்டிருக்கு."