பதினேழாவது கட்டம்

ஆய்வு நிதிக்கான இணையப் படிவத்தில் பதினேழாவது கட்டத்தை நிரப்பினால்தான் 'அனுப்பு' என்ற பொத்தான் பச்சையாகும். கட்டத்தின் தலைப்பு, 'இந்த ஆய்வு கண்டறியப்போகும் முடிவுகள்'. குறைந்தது நூறு சொற்கள் வேண்டும். மாலை ஐந்து மணிக்குப் படிவம் தானாக மூடிக்கொள்ளும். விட்டால் அடுத்த ஆண்டுதான். சமூகவியல் உதவிப் பேராசிரியர் ஜெசிந்தா, இனிமேல்தான் போகவேண்டிய உப்பளத்தைப் பற்றி இப்போதே முடிவு எழுதியாக வேண்டும். நாலே முக்காலுக்கு, தன் வீட்டில் அவளைத் தங்கவைக்கச் சம்மதித்திருந்த உப்பளத் தொழிலாளி பேச்சித்தாயைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, உங்ககூட ஆறு மாசம் இருந்தா நான் என்ன கண்டுபிடிப்பேன்?"

"இப்பமே தெரிஞ்சா நீங்க எதுக்கு டீச்சர் வாறிய?"

ஜெசிந்தா சிரித்துவிட்டு அதை அப்படியே தட்டச்சு செய்தாள். 'இன்னும் 94 சொற்கள் தேவை' என்றது கட்டம்.

"இது பத்தாதுக்கா. இன்னும் ஏதாவது சொல்லுங்க."

மறுமுனையில் காற்றின் இரைச்சலுக்கு மேலாகப் பேச்சித்தாய் குரலை உயர்த்தினாள்.

"எழுதுதியளா?"

"எழுதுறேன்."

"உப்பு முதல்ல காலத்தான் திங்கும். பெறவுதான் கண்ணு. நான் எதுல இருந்து ஆரம்பிக்க?"