பல்லியின் சுவரில் ஓடிய படம்

ஓட்டு வீட்டுப் பரணில் ஒரு சிலந்தியும் ஒரு சில்வண்டும் சேர்ந்து படம் காட்டி வந்தன. உடைந்த ஓட்டின் வழியே மதிய வெயில் வரும் பாதையில் சிலந்தி தன் வலையைக் கோலமாகப் பின்னும். அதன் நிழல் எதிர்ச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு விழும். கடைசி இழையை மட்டும் எப்போதும் சில்வண்டின் காலில்தான் கட்டும். அது பாடப்பாட இழை அதிரும். சுவரில் மயில் ஆடும், ஆறு ஓடும். எறும்புகள் வாய்பிளந்து பார்க்கும்.

அந்தச் சுவர் பல்லியுடையது. ஒருநாள் அது சிலந்தியைத் தனியாகக் கூப்பிட்டது.

“படம் பிரமாதம், அம்மணி. ஆனா என் சுவத்துல ஒருத்தர் பேருக்குத்தான் இடம். சில்வண்டு கால்ல கட்டுற இழையை அறுத்துடு. இல்லன்னா நாளையிலேர்ந்து படமே கிடையாது.”

வெயில் விழும் சுவர் அது ஒன்றுதான். சிலந்தி திரும்பி வந்து சில்வண்டிடம் அதைச் சொன்னது.

“அறுத்துடேன். நான் எந்த மரத்துலயாவது கத்திக்கிறேன்,” என்றது சில்வண்டு, வேறெங்கோ பார்த்தபடி.

“காலை நீட்டு,” என்றது சிலந்தி. வழக்கமாக ஒரு முடிச்சுப் போடும் இடத்தில் அன்று மூன்று போட்டது.

மறுநாள் வெயில் விழுந்ததும், பல்லி அந்த இடத்தை அடைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிப் படுத்தது.

“இப்பக் காட்டுங்க, பார்ப்போம்!”

“நீ பாடு,” என்றது சிலந்தி.

சில்வண்டு பாடியது. பல்லியின் முதுகிலேயே மயில் தோகை விரித்தது. எறும்புகள் ஆரவாரித்தன.

“என்னடா ஓடுது? எனக்கும் சொல்லுங்களேன்!” என்று பல்லி தலையைத் திருப்பியது.

“ஐயா, அசையாதீங்க,” என்றன எறும்புகள். “படம் கலையுது.”