சாயாத கவர்

“விழவே கூடாது பையா. விழுந்துச்சு, எங்க பொழப்பு போச்சு” என்றாள் செங்கம்மாள்.

டெல்லி கரோல் பாக் கடைக்காரன், டேப்லெட்டுக்கு மாட்டும் ஒரு ரப்பர் கவரை எடுத்துத் தரையில் ஓங்கிப் போட்டுக் காட்டினான். அது துள்ளிக் குதித்தது. “பாத்தீங்களா ஆன்ட்டிஜி? மாடியிலேர்ந்து போட்டாக்கூட உள்ள இருக்கிற டேப்புக்கு ஒண்ணும் ஆகாது!”

“கீழ போடறதுக்கா வாங்கறோம்? நிக்குமா, அதைச் சொல்லு.”

பக்கத்தில் நின்ற புருஷன் மூக்கனுக்குக் கால் கடுத்தது. ஏறி இறங்காத கடை பாக்கியில்லை. “ஏ புள்ள, இருக்கிறதுலயே சீப்பா ஒண்ணை வாங்கிக்கிட்டு வாயேன். பொண்ணு கூப்பிடறதுக்குள்ள ஜங்புரா போய்ச் சேர வேணாமா?”

“வாங்கினா உருப்படியா வாங்கணும். நீ சும்மா இருய்யா!”

டேப் அவள் வேலை பார்க்கும் வீட்டு மேடம் கொடுத்தது. பழசு, மூலையில் விரிசல் வேறு. ஆனால் விழுப்புரத்தில் நர்சிங் படிக்கும் மகள் மேகலா பெற்றவர்கள் முகத்தைப் பார்க்க அதை விட்டால் வழியில்லை. மூக்கனிடம் இருப்பது பட்டன் போன். ஹாஸ்டலிலோ பெண்கள் கையில் சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் போனைக் கொடுப்பார்கள்.

இப்போது கடைசி வருடப் பரீட்சை. மேகலா கெட்டிக்காரிதான், ஆனால் பயந்தாங்கொள்ளி. போன வருடம் அப்பாவுக்கு டெங்கு என்று யாரோ சொல்லப்போக, எழுதிக்கொண்டிருந்த பரீட்சையைப் பாதியில் விட்டுவிட்டு ரயிலேறி டெல்லிக்கு வந்து நின்றாள். ஒரு வருடப் படிப்பு பாழ். இன்னொரு தடவை இப்படிச் செய்தால் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று கல்லூரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

தினமும் அம்மா முகம் தெரிய வேண்டும். அந்த முகத்தில் கலக்கம் தெரியக் கூடாது. அப்படித்தான் செங்கம்மாள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

நேற்று அதிலும் மண் விழப் பார்த்தது. செங்கல்லில் சாய்த்து வைத்திருந்த டேப், பேச்சுக்கு நடுவிலேயே மல்லாந்து விழுந்துவிட்டது. “என்னம்மா ஆச்சு?” என்று மேகலா அலற, மூக்கன் போட்டது போட்டபடி ஓடிவந்து ஆஃப் செய்தார். பிறகு பட்டன் போனில் கூப்பிட்டு, சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று சமாளித்தார்கள். செங்கம்மாளுக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

“பேசத்தானே? கையில பிடிச்சுக்கிட்டுப் பேசுங்க” என்றான் கடைக்காரன்.

“கை ஆடும்.”

“அப்போ மேஜை மேல வச்சுக்குங்க.”

“மேஜைக்கு நான் எங்கே போக?”

தோல் மாதிரி பளபளத்த ஒரு கவரில் டேப்பை மாட்டி, கடைத் தரையிலேயே நிறுத்திவிட்டு, அதன் எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். வந்துபோகிறவர்கள் அவளைத் தாண்டிக்கொண்டு நடந்தார்கள். கேமராவில் தன் முகத்தைப் பார்த்தவள் உதட்டைப் பிதுக்கினாள்.

“அண்ணாந்து பாக்குதே. நேரா பாக்கணும் பையா.”

“சாஞ்சிருந்தாத்தான் ஆன்ட்டிஜி படம் பாக்க வசதி!”

“படம் பாக்கற நெலமையிலயா நான் இருக்கேன்?”

அந்தக் குரலைக் கேட்டு அவன் சிரிப்பதை நிறுத்தினான். கண்ணாடி அலமாரியைத் துழாவி, வெயிலில் நிறம் போன ஒரு ரோஸ் கலர் கவரை எடுத்தான். சின்னப் பிள்ளைகளுக்கானது. தடித்த ஸ்பாஞ்ச், முதுகில் ஒரு கைப்பிடி. அதைத் திருப்பி வைத்தால் டேப் விறைப்பாக நேரே நின்றது. செங்கம்மாள் தட்டிப் பார்த்தாள், ஊதிப் பார்த்தாள். அசையவில்லை.

“கலர் போனது. பாதி விலைக்கு எடுத்துக்குங்க” என்றான்.

“கொழந்தைங்க சாமானுடி இது” என்று மூக்கன் முணுமுணுத்தார்.

“இருந்துட்டுப் போவட்டும்!” என்றாள். பல நாளைக்குப் பிறகு அவள் முகம் தெளிந்தது.

சாயங்காலம் தலை சீவி, பொட்டு வைத்து, டேப்பின் எதிரில் உட்கார்ந்தாள். மணியடித்தது. மேகலாவின் திரையில் அம்மாவும், பின்னால் நீலச் சுவரும், அதில் முருகன் காலண்டரும் தெரிந்தன.

“அம்மா! இன்னிக்கு பேப்பர் ஈஸிம்மா. இன்னும் ஒண்ணுதான் பாக்கி.”

“அச்சா, அச்சா! என் தங்கம். நல்லா சாப்புடு.”

“என்னம்மா, காலண்டர்ல தேதியே கிழிக்கல? போன வாரத்துலயே நிக்குது.”

“எங்கடி கை ஒழியுது...”

“அப்பா எங்க?”

“இங்கதாம்மா இருக்கேன்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

“மூஞ்சியக் காட்டுப்பா!”

“ரெண்டு கையிலயும் வேலையா இருக்கேன் கண்ணு. நீ பரீட்சைய முடி, நாளெல்லாம் பாத்துக்கலாம்.”

மேகலா சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். டேப் கடைசி வரைக்கும் சாயவில்லை. அதுவரை அவள் முதுகுக்குப் பின்னால் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்த, காலண்டர் மாட்டிய நீலப் பலகையை மூக்கன் கீழே இறக்கினார். செங்கம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தாள்.

அவள் முடிக்கட்டும் என்று தள்ளி நின்றிருந்த பக்கத்து வீட்டு ஜம்பு தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தான்.

“அக்கா, பேசியாச்சுன்னா அந்தச் சுவத்தைக் கொஞ்சம் குடுங்க. எங்க வீட்டையும் புல்டோசர் விட்டு இடிச்சது ஊர்ல எங்கம்மாவுக்குத் தெரியாது.”