படிக்கட்டில் வாசிக்கும் பட்டியல்

கட்டடக் காவல்காரி ஒடிலின் சின்ன அறையில் தொலைக்காட்சி அலறுகிறது. நாட்டு அதிபரின் அரண்மனைப் படிக்கட்டில் நின்று ஒருவர் புதிய அமைச்சர்களின் பெயர்களை வாசிக்கிறார். மூன்றாம் மாடிப் பொருளாதாரப் பேராசிரியை சொலாஞ்ஜ், சிக்கனம் என்று சொல்லித் தொலைக்காட்சியே வாங்காதவர், புதுக் கோட்டு மாட்டிக்கொண்டு இங்கே வந்து நிற்கிறார். சைக்கிள் சாவியைக் கை உருட்டிக்கொண்டே இருக்கிறது. அமைச்சருக்குக் கார் எதற்கு என்று இருபது வருடம் எழுதிய கை. "மூச்ச விடுங்க மதாம்!" என்கிறாள் ஒடில். "சும்மா இருங்க, அடுத்தது நிதித்துறை!" என்கிறார் சொலாஞ்ஜ். வந்தேவிடுகிறது, சொலாஞ்ஜின் பெயர். ஒடில் துள்ளியதில் காப்பி கொட்டுகிறது. வாசலில் கறுப்புக் கார் வந்து நிற்கிறது. சொலாஞ்ஜ் ஒரு கணம் அதைப் பார்த்துவிட்டுச் சாவியை நீட்டுகிறார். "சைக்கிள நீங்களே வச்சுக்கங்க ஒடில்." "வேணாம் மதாம், நீங்க திரும்பி வர்றப்ப ஓட்ட, காத்தடிச்சே வைக்கிறேன். போன மந்திரிசபை மூணு மாசந்தானே தாங்குச்சு!"