ரத்தம் சொன்ன ஊர்

காட்டோரக் கிராமத்தில், தன் மரவள்ளித் தோட்டத்தில் நின்ற மஹாசோலுவைப் பார்த்ததும், ஆமை ஆராய்ச்சி செய்யும் டாக்டர் வோலாதியானா வெடித்தாள்.

"தோலியாரா துறைமுகத்துல பிடிபட்ட பெட்டிக்குள்ள நாப்பது ஆமை! டிஎன்ஏ பார்த்தேன். அத்தனையும் உங்க காட்டு ரத்தம். எவன் வித்தது?"

"என்ன பேச்சு பேசுறீங்க டாக்டரம்மா? ஆமையைத் தொட்டாலே எங்களுக்குத் தீட்டு. வழியில பார்த்தாக்கூட ஒதுங்கிப் போற சனம் நாங்க."

"அப்போ வெளியூர்க்காரனுக்குக் காட்டிக்கொடுத்திருக்கீங்க! இந்த முள்ளுக்காட்டுல எந்தப் புதருக்கடியில ஆமை இருக்குன்னு வேற யாருக்குத் தெரியும்?"

மஹாசோலுவுக்கும் கோபம் தலைக்கேறியது.

"அஞ்சு பேர் வந்தானுங்க. எங்ககிட்ட வழிகூடக் கேக்கல. கையில இருந்த தாளைப் பார்த்துப் பார்த்து நேரா புதருக்கே போனானுங்க. நாங்க துரத்தவும், மூட்டையோட ஓடுறப்ப அந்தத் தாளைக் கீழே விட்டுட்டானுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்களே பாருங்க, எவன் காட்டிக்கொடுத்தான்னு!"

இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்து நீட்டினான்.

அவள் பிடுங்கிப் பிரித்தாள். காட்டின் வரைபடம். அவள் ரத்தம் எடுத்த ஒவ்வொரு ஆமைக்கும் ஒரு சிவப்புப் புள்ளி.

போன வருஷம் அவளுக்குப் பரிசு வாங்கித் தந்த கட்டுரையின் ஏழாம் பக்கம்.