இன்னும் ஒன்பது நாள்

பெரியப்பா இறந்து மூன்று மாதத்தில் அவருடைய தோட்டம் என் தலையில் விழுந்தது. நர்சரிக்காரர் வந்து ஒவ்வொரு செடிக்கும் பெயர் சொன்னார். மூலையில் நின்ற குச்சியைப் பார்த்து மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

"இது பட்டுப்போச்சும்மா. பிடுங்கிடுங்க."

"என் கைராசி அப்படி," என்றேன்.

மறுநாள் பிடுங்கப் போனபோது குச்சியில் ஓர் அட்டை தொங்கியது. பெரியப்பாவின் சாய்ந்த கையெழுத்து: 'இன்னும் ஒன்பது நாள்.' பிடுங்காமல் விட்டுவிட்டேன். அடுத்த நாள் அதே அட்டையில் 'எட்டு நாள்' என்றிருந்தது. யாரிடமும் சொல்லாமல் தினமும் தண்ணீர் ஊற்றினேன்.

ஒன்பது நாளும் முடிந்த காலையில் அட்டை இல்லை. குச்சியில் சிவப்பாக இரண்டு துளிர்கள்.

"அட, மாதுளை!" என்றார் அன்று மறுபடி வந்த நர்சரிக்காரர்.

அவர் போனதும் புதிதாக ஓர் அட்டை வெட்டி, எழுதிக் கட்டினேன்: 'எரு போடலாமா, பெரியப்பா?'